கடலில் போன எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டைப் பக்கம் போகிறவர்கள் எங்கள் கரையில் வண்டியை நிறுத்தி, பனைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் கல்லைப் பார்த்துவிட்டு, வலை தைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இது என்ன, யாருக்கு என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகளும் போனில் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்லிச் சொல்லிக் கதை திரிந்துவிடக்கூடாது என்பதால், கல் வைக்கும் வேலையில் நின்ற நாங்கள் சிலர் சேர்ந்து பேசி, பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

இது யாருக்கு வைத்த கல்?

எங்கள் ஊரில் பிறந்து, இதே கரையில் தொழில் செய்து, வடகிழக்குக் காற்று அடிக்கும் வாடைக் காலத்து விடியல் ஒன்றில் வலை எடுத்துத் திரும்பும்போது போட் கவிழ்ந்து கடலில் போன ஒருவருக்கு. பெரிய பதவி வகித்தவர் அல்ல. மீனவர் சங்கத்தில் கொஞ்சக் காலம் கணக்குப் பார்த்தார். கரைவலை இழுக்க ஆள் குறைந்தால், அது யாருடைய வலையாக இருந்தாலும், கூப்பிடாமலே வந்து கயிற்றைப் பிடிப்பார். எஞ்சின் திருத்தத் தெரிந்தவர், அதற்குக் காசு வாங்கமாட்டார். மனைவியும் பிள்ளைகளும் இப்போதும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

பெயரை ஏன் இங்கே போடவில்லை?

வீட்டாரின் விருப்பம் அது. பெயர், பிறந்த நாள், போன நாள் எல்லாம் கல்லில் இருக்கின்றன, நேரில் வருகிறவர்கள் வாசிக்கலாம். பிள்ளைகள் படிக்கிற வயதில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் இது வந்து நிற்கக்கூடாது என்று தாய் நினைக்கிறார். அது நியாயம்தான்.

அன்று நடந்தது என்ன?

போட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவரும், கூடத் தொழில் செய்த பக்கத்து ஊர்த் தம்பி ஒருவரும். முந்தின நாள் பின்னேரம் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) வெளியே வலை விட்டிருந்தார்கள். விடிய முன்னம் அதை எடுக்கப் போகும்போது காற்று பெரிதாக இல்லை. அன்று காலை வேறு போட்களும் இறங்கின, அவர் மட்டும் தனியாகத் துணிந்து போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வலையில் பாதி ஏறும்போது வடகிழக்கிலிருந்து காற்று ஒரேயடியாக எழும்பியது, கூடவே மழை. மிச்ச வலையை வெட்டி விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வலையை வெட்டுவது என்றால் என்ன என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த அளவுக்குக் கடல் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இனி முகத்துவாரம், கரையோர உப்புநீர் ஏரியான களப்பு கடலோடு சேரும் இடம். மாரி தொடங்கி வெள்ளம் வந்ததும் களப்பின் வாய் வெட்டுப்பட்டுத் திறந்துவிடும், உள்ளேயிருந்து தண்ணீர் வேகமாகக் கடலுக்கு ஓடும். அதே நேரம் வாடைக் கடலின் அலை வெளியேயிருந்து உள்ளே வரும். எதிர்த்து வரும் ஓட்டத்தில் முட்டும்போது அலை நீளம் குறைந்து உயரம் கூடும், சுவர் எழும்பி நிற்கிற மாதிரி நிற்கும். வெளிக்கடலில் பயமில்லாமல் ஏறி இறங்கக்கூடிய அலையே அந்த இடத்தில் ஆளைக் கொல்லும். எஞ்சின் இழுக்கிறவரை தாண்டிவிடலாம். அன்று முகத்துவாரத்து வாயில் எஞ்சின் நின்றுவிட்டது, போட் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை அதைக் கவிழ்த்தது. கவிழ்ந்த போட்டை நீர் பாருக்கு மேல் கொண்டுபோய் அடித்து உடைத்தது.

தம்பி ஒரு மண்ணெண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரையேறினார். அந்தக் கானைத் தன்னிடம் தள்ளிவிட்டது அவர்தான் என்று தம்பி சொன்னார். தள்ளிவிட்டு, 'காலை அடி, காலை அடி' என்று கத்தினாராம். அதற்குப் பிறகு தம்பி அவரைக் காணவில்லை. போட்டில் லைஃப் ஜாக்கெட் இருக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

வாடைக் காலம் என்று தெரிந்தும் ஏன் போனார்?

இந்தக் கேள்வியை அவருடைய மனைவியிடம் யாரும் கேட்கவேண்டாம். எங்களிடம் கேளுங்கள், நாங்கள் சொல்கிறோம்.

திருகோணமலைக் கரையில் வருடம் இரண்டாகப் பிரியும். பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், கரையோரக் கடல் அடங்கியிருக்கும். கரைவலையும் அப்போதுதான், மேற்குக் கரையிலிருந்து சிங்கள மீனவர்கள் வந்து வாடி (தற்காலிகக் கொட்டில்) போட்டுத் தொழில் செய்வதும் அப்போதுதான். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஊர்க்காரர் எங்கே போவது? கச்சானில் உழைத்ததில் பாதி எஞ்சின் கடனுக்கும் வலைக் கடனுக்கும் போய்விடும். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முன் சப்பாத்து, கொப்பி வாங்க வேண்டும். வாடைக் காலத்தில் இறங்குகிற போட் குறைவு என்பதால் மீனுக்கு விலை கூட. காற்று விட்டுவிட்டுத்தான் அடிக்கும், இடையில் இரண்டு நாள், மூன்று நாள் கடல் படுத்திருக்கும். அந்த நாட்களில் இறங்காமல் மூன்று நான்கு மாதம் வீட்டில் இருக்கிற வசதி எங்கள் கரையில் யாருக்கும் இல்லை.

ஆகவே அவர் போனது பேராசையாலும் அல்ல, அறியாமையாலும் அல்ல. அவர் இடத்தில் அன்று நாங்கள் யார் இருந்தாலும் போயிருப்போம், அன்றைக்கு எங்களில் சிலர் போயும் இருந்தோம்.

உடல் கிடைத்ததா?

இல்லை. ஊர்ப் போட்கள் இறங்கத் தொடங்கியதும் தேடினோம், கடற்படையும் தேடியது. வாடைக் காலத்தில் கிழக்குக் கரையின் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் என்பதால் சாம்பல்தீவு, உப்புவெளிக் கரையெல்லாம் நடந்து பார்த்தார்கள், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழேயும் கொட்டியாரக் குடாப் பக்கமும் தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லிவைத்தோம். போட்டின் முன்பக்கத் துண்டு வந்தது. வலையின் மிதப்புகள் சில வந்தன. அவர் வரவில்லை.

உடல் இல்லாமல் சடங்கு எப்படிச் செய்தார்கள்?

சைவக் குடும்பம். ஐயரிடம் கேட்டு, தர்ப்பையால் உருவம் செய்து, அதற்குக் கிரியை செய்து தகனம் செய்தார்கள். உடல் கிடைக்காத இடத்தில் இப்படிச் செய்வது பழைய வழக்கம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் இதைச் செய்யவேண்டி வந்தது. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் எல்லாம் முறைப்படி நடந்தன.

ஆனால் அதோடு மனம் அடங்கவில்லை. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து தீர்த்தமாடித் தர்ப்பணம் செய்வார்கள், கோணேசர் கோயில் தீர்த்தத்துக்குப் போவார்கள். மூத்த மகனை அதற்குக் கூட்டிப்போனபோது அவன் கடலில் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டான். அப்பாவைக் கொண்டுபோன தண்ணீரிலேயே நின்று அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது அவனுக்கு முடியவில்லை. நாங்கள் யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அன்றைக்குத்தான் சங்கத்துக்காரர் ஒருவர், தரையில் இந்தப் பிள்ளை வந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்று சொன்னார். கல் வைக்கும் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

சுனாமியிலும் யுத்தத்திலும் எத்தனையோ பேர் போனார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் ஏன் கல்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். சில வேளை கோபத்தோடும் கேட்கிறார்கள், அவர்களுடைய வீட்டிலும் யாரோ போயிருக்கிறார்கள் என்று எங்களுக்கு உடனே விளங்கும்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்றைய நாளை நாடு முழுக்க நினைக்கிறது, கிழக்குக் கரையில் பல ஊர்களில் நினைவுத்தூண்கள் இருக்கின்றன. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போனபோதும் மாவட்டமே அழுதது. இப்படிப் பலர் ஒன்றாகப் போனால் அது செய்தியாகும், வரலாற்றில் நிற்கும். ஒரு வாடைக் காலத்து விடியலில் ஒரு போட்டில் ஒருவர் போனால் அது இரண்டு நாள் கதை. ஆனால் தொழிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள், ஒருவர் ஒருவராக. ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர். அவர்களுக்கு நினைவுநாள் கிடையாது, தூண் கிடையாது, உடலும் வராவிட்டால் சுடுகாட்டில் ஒரு பிடி சாம்பல்கூடக் கிடையாது.

அதனால்தான் ஒருவருக்கு வைத்தோம். மற்றவர்கள் குறைந்தவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தனியாகப் போன ஒருவருக்கும் ஊர் கடமைப்பட்டிருக்கிறது என்று காட்ட, ஒருவருக்கு வைத்துத்தான் தொடங்க முடியும். பொதுவாக 'கடலில் உயிர்நீத்த அனைவருக்கும்' என்று எழுதலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல மனதோடு சொன்ன யோசனை. ஆனால் அனைவருக்கும் என்று எழுதிய கல்லின் முன்னால் அந்தப் பிள்ளை போய் நின்றால் தன் அப்பாவின் பெயரைத் தேடுவான் இல்லையா? பெயர் வேண்டும் என்று முடிவுசெய்தோம்.

பின்னாளில் வேறு பெயர்களும் சேர்ப்பீர்களா?

முன்பு போனவர்களின் வீட்டார் கேட்டால் சேர்ப்போம், பக்கத்தில் தனிக் கல்லாக. இடம் விட்டுத்தான் மேடை கட்டியிருக்கிறோம். இனிமேல் யார் பெயரும் சேர வேண்டி வரக்கூடாது என்பதுதான் எங்கள் எல்லோருடைய வேண்டுதலும்.

திருகோணமலையில் கடலோடு தொடர்புள்ள வேறு நினைவுக்கற்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. கல்லில் என்ன எழுதுவது என்று யோசித்த நாட்களில் அவற்றைப் பற்றி நிறையப் பேசினோம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது சுவாமி மலையில் கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் தூண். 1687 என்ற ஆண்டும் பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண்ணின் பெயரும் அதோடு சேர்ந்தவை. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து அவள் அந்தச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்று சுற்றுலா வருகிறவர்களுக்குக் கதை சொல்வார்கள். ஆனால் டச்சுக்காரரின் பதிவேடுகளின்படி அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து திருமணம் செய்திருக்கிறாள் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்லில் விளக்கம் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் கதை நிரப்பிவிடும்.

இரண்டாவது மூதூரில், வெள்ளைக்காரன் மரம் என்று சொல்லப்பட்ட புளியமரத்தடியில் 1893இல் நாட்டிய கல். ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் 1659 நவம்பரில் இந்தியக் கரையில் புயலில் பாய்மரத்தை இழந்து, திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்டன் றொபேர்ட் நொக்ஸையும் அதே பெயருள்ள அவருடைய மகனையும் மாலுமிகளையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 16 பேர். கப்டனான தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். 19 வருடத்துக்கு மேல் இருந்து, 1679இல் ஒரு கூட்டாளியோடு தப்பி மன்னார் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டைக்கு நடந்து சேர்ந்தது மகன். ஆனால் கல்லை வாசித்தால் கப்டனும் 19 வருடம் இருந்தவரும் ஒரே ஆள் போலத்தான் விளங்கும். தகப்பன் இறந்தது அந்தக் கல்லில் இல்லை. கூடப் பிடிபட்ட மாலுமிகளின் பெயர்களும் இல்லை.

மூன்றாவது, பட்டினத்திலிருந்து நிலாவெளி வரும் வீதியில் உள்ள யுத்த மயானம். ஒரே அளவுக் கற்கள், அதிகாரிக்கும் சாதாரண மாலுமிக்கும் வித்தியாசம் இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள், அந்த ஒரு கப்பலில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். உடல் கிடைக்காத கடற்படையினரின் பெயர்களுக்கு இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளைமவுத், சாத்தம் ஆகிய துறைமுக நகரங்களில் நினைவுத்தூண்கள் இருக்கின்றன. உடல் நம் கடலில், பெயர் அவர்கள் ஊர்த் தரையில். எங்களுக்கு மனதில் பட்டது இதுதான்: உடல் இல்லாதவனுக்கும் பெயர் வெட்ட ஓர் இடம் அவர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு அரசாங்கம் தன் சிப்பாய்களுக்குச் செய்ததை ஒரு ஊர் தன் மீனவனுக்குச் செய்யலாம்.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

பெயர், நாட்கள், எந்த முகத்துவாரத்தில் எப்படிப் போனார், கூட இருந்தவருக்குக் கானைத் தள்ளிவிட்டார் என்பது. வீரத் திருமகன், கடலன்னையின் மடியில் துயில்கிறார் என்ற மாதிரி வரிகள் வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டார். கடல் அவருக்கு அன்னை அல்ல, அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னபோது எங்களுக்குப் பதில் இருக்கவில்லை. கானைப் பற்றி எழுதுவதற்குத் தம்பியின் சம்மதத்தையும் கேட்டோம். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதுங்கோ, அது உண்மை என்றார்.

தமிழுக்குக் கீழே சிங்களத்திலும் இரண்டு வரி உண்டு. சிலர் ஏன் என்று கேட்டார்கள். கச்சானுக்கு வந்து பக்கத்தில் வாடி போடுகிறவர்களுடைய எஞ்சின்களைப் பல வருடம் திருத்திக் கொடுத்தவர் அவர். பங்குனியில் திரும்பி வந்தபோதுதான் அவர்களுக்குச் செய்தி தெரியும். வந்து வீட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, கல்லுக்கென்று தங்களுக்குள் சேர்த்த காசையும் தந்தார்கள். அவர்களும் வாசிக்க வேண்டும்.

எந்தக் கல், எப்படிச் செய்தது?

அடியில் ஊர்ப் பக்கத்துப் பாறை. திருகோணமலைக் குன்றுகள் பெரும்பாலும் குவார்ட்சைட், சுவாமி மலையும் அதுதான். மிகவும் கடினம், உப்புக் காற்றுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எழுத்து வெட்டுவது பெரும்பாடு. அதனால் எழுத்துக்கு மட்டும் கறுப்புக் கருங்கல் பலகை வாங்கி, ஆழமாக வெட்டுவித்தோம். வண்ணம் மட்டும் பூசிய எழுத்து கடற்கரை வெயிலில் சீக்கிரம் போய்விடும்.

மேடைக்குக் கடல் மண்ணைச் சேர்க்கவில்லை. பக்கத்தில் சும்மா கிடக்கிறதே என்று எடுக்கத் தோன்றும், ஆனால் அதிலுள்ள உப்பு கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவாக்கி, கம்பி வீங்கி, மேடை வெடித்துவிடும். ஆற்று மண்தான் எடுத்தோம், சீமெந்து குழைத்ததும் நல்ல தண்ணீரில். பலகையைப் பொருத்தவும் சாதாரண இரும்பு ஆணி பாவிக்கவில்லை. கூலி என்று யாரும் வாங்கவில்லை. மேசன் வேலை தெரிந்தவர் மேசன் வேலை செய்தார், மற்றவர்கள் மண் சுமந்தார்கள், பொம்பிளைகள் சமைத்தார்கள்.

அனுமதி எடுத்தீர்களா?

ஆம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கடல் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் செய்யக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் கொடுத்துத்தான் தொடங்கினோம். குச்சவெளி, திரியாய்ப் பக்கம் தொல்லியல் இடங்கள் நிறைய, அங்கே கிண்டுவதற்கு முன் அதையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கடிதங்களின் பிரதி எல்லாம் சங்கத்தில் இருக்கின்றன.

இது கோயிலா? கும்பிடலாமா?

கோயில் அல்ல. போரில் பட்டவனுக்கு நடுகல் நாட்டிப் படையல் வைத்த மரபு நமக்கு உண்டு, அதனால் ஊரில் சில அம்மாமார் விளக்கு வைத்துக் கும்பிடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் தேதி இறந்தோர் நாளில் மெழுகுதிரி கொண்டுவருகிறார்கள். முஸ்லிம் நண்பர்கள் தங்கள் முறைப்படி தங்கள் இடத்தில் அவருக்காக நல்லதை நினைக்கிறார்கள், கல்லடிக்கு வருகிற நாளில் சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். எல்லாம் சரிதான். உண்டியல் மட்டும் வைக்கமாட்டோம்.

பார்க்க வரலாமா, படம் எடுக்கலாமா?

வாருங்கள். கல்லைப் படம் எடுக்கலாம். வீட்டைத் தேடிப் போகாதீர்கள், அங்கே விளையாடும் பிள்ளைகளிடம் அவருடைய பிள்ளை யார் என்று கேட்காதீர்கள், தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். மேடையில் ஏறி இருந்து செல்ஃபி எடுக்க வேண்டாம். முகத்துவாரத்தில் குளிக்கவே கூடாது, கடல் அமைதியாகத் தெரிகிற நாளிலும்.

நினைவுநாளில் என்ன செய்வீர்கள்?

அன்று ஊரில் யாரும் தொழிலுக்கு இறங்குவதில்லை. காலையில் வீட்டார் வந்து பூப் போடுவார்கள், பிறகு எல்லோரும். பேச்சு, மைக், மேடை ஒன்றும் கிடையாது. மத்தியானம் சங்கக் கட்டிடத்தில் சாப்பாடு. பின்னேரம் எஞ்சின் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யாருடைய எஞ்சினாக இருந்தாலும் காசில்லாமல் திருத்திக் கொடுப்பார்கள், அவர் செய்த வேலை அது.

இந்தக் கல்லால் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு என்ன நன்மை?

கல் யாரையும் காப்பாற்றாது. ஆனால் கல்லுக்காகக் கூடிய ஆட்கள்தான் இன்னும் சில காரியங்களையும் செய்தார்கள். இப்போது ஊர்ப் போட் ஒவ்வொன்றிலும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. இருந்தால் போதாது, முகத்துவாரம் தாண்டும்போது உடம்பில் இருக்கவேண்டும் என்பதில் பெரியவர்கள் கடுமையாக நிற்கிறார்கள். வேர்க்கிறது, வலை இழுக்க இடைஞ்சல் என்று இளம் பொடியன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். தம்பி ஒரு நாள் அவர்களோடு பேசினார், அதற்குப் பிறகு முணுமுணுப்பு குறைந்தது.

வாடைக் காலத்தில் போட்கள் திரும்பும் நேரம் ஒருவர் முகத்துவாரத்தில் நின்று பார்ப்பார். அலை எழும்புகிறது என்றால் பனையில் சிவப்புக் கொடி ஏறும். அதைக் கண்டவர்கள் உள்ளே வராமல் வெளியே பொறுத்திருக்கலாம், அல்லது வேறு கரைக்குப் போகலாம். இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலும் சங்கத்திலும் சொல்லிவிட்டுப் போவார்கள். போனை இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டிக்கொண்டு போவது இப்போது பழக்கமாகிவிட்டது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பைக் கட்டாயம் கேட்கிறோம். கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று ஒரு சொல் வந்தாலே போட் எல்லாம் மேலே ஏறிவிடும். 1964 டிசம்பர்ப் புயலைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 2000 டிசம்பரில் வந்தது எங்களுக்கே ஞாபகம் இருக்கிறது, 2020 டிசம்பர் 2ஆம் தேதி புரெவி திருகோணமலைக்கு வடக்கேதான் கரை கடந்தது. எங்கும் யாராவது ஆபத்தில் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119. இந்த இரண்டையும் போட்டின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள்.

குடும்பத்துக்கு உதவி செய்ய விரும்புகிறோம். எப்படி?

வங்கி இலக்கம் எதையும் இணையத்தில் போடவில்லை. யாராவது அவருடைய பெயரில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பிள்ளைகளின் படிப்பை ஊர் பார்த்துக்கொள்கிறது. உதவ வேண்டும் என்று மனம் இருந்தால், உங்கள் பக்கத்துக் கரையில் லைஃப் ஜாக்கெட் இல்லாத ஒரு போட்டுக்கு இரண்டு வாங்கிக் கொடுங்கள். மனைவி கேட்டதும் அதைத்தான்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் போனார். நாங்களும் கல் வைக்க நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

முதலில் வீட்டார். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சில வீடுகளில் இன்னும் ஆள் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அங்கே போய்க் கல் என்று பேச்செடுத்தால் நெஞ்சில் குத்துகிற மாதிரி. முதலாம் ஆண்டுத் திவசமாவது முடியட்டும்.

கல் வேறு, காகிதம் வேறு. ஆள் காணாமல்போன உடனே பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்கி வையுங்கள், கடற்றொழில் பரிசோதகருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுங்கள், போட்டின் பதிவுப் புத்தகத்தையும் உடைந்த துண்டுகளின் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். மரணப் பதிவுக்கும் நட்டஈட்டுக்கும் பின்னால் அலையும்போது இவைதான் கேட்பார்கள், அழுகிற நாட்களில் வீட்டாருக்கு இது நினைவுக்கு வராது, அயலவர்கள்தான் செய்யவேண்டும்.

இடத்தை வீட்டாரே தெரிவுசெய்யட்டும். எங்கள் ஊரில் எல்லோரும் முகத்துவாரத்தடியில் வைக்க நினைத்தோம், மகன் மட்டும் பனையடியைக் காட்டினான், அப்பா வலை தைத்த இடம் அது. அங்கேதான் வைத்தோம். எழுதப்போகும் வரிகளை நடந்ததைக் கண்டவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், பிறகு ஒரு தமிழாசிரியரிடம் எழுத்துப் பாருங்கள். பலகை வெட்டுகிறவரிடம் கையால் எழுதிக் கொடுக்காமல் தட்டச்சு செய்து கொடுங்கள், முதலில் கடதாசியில் அதே அளவில் வரைந்து தரச் சொல்லி வீட்டாரின் சம்மதத்தை வாங்கிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். கருங்கல்லில் வெட்டிய பிறகு திருத்த முடியாது. மேடையின் அளவும் நாங்கள் கொடுத்த கடிதங்களின் மாதிரியும் தேவை என்றால் எங்கள் சங்கக் கட்டிடத்துக்கு வாருங்கள், பின்னேரங்களில் யாராவது இருப்பார்கள்.